கவாசாகி ஏன் வருகிறது? குழந்தை நல மருத்துவர்கள் பதில்

கேள்வி: என் இரண்டே கால் வயது மகனுக்கு ஏழு நாள் விடாத காய்ச்சல். உடம்பெல்லாம் சிவந்ததால் அம்மை என்று முதல் மூன்று நாள் வேப்பிலை போட்டுப் படுக்கவைத்தோம். பிறகு தொண்டைப் புண் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் கவாசாகி என்று சொல்லி இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி மருந்து) ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். காரணம் கேட்டால் ‘தெரியாது’ என்கிறார்கள். கடை ஐஸ்க்ரீமா, புது வீட்டு பெயின்ட் வாடையா, நான் கர்ப்பமாக இருந்தபோது செய்த தவறா?
- வாசகி, திருச்சி

பதில்: மூன்றும் இல்லை. கவாசாகி என்பது சின்னக் குழந்தைகளின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் அழற்சி உண்டாகும் காய்ச்சல் நோய். சாப்பாட்டாலோ கர்ப்பகாலத் தவறாலோ இது வருவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வாடை விஷயத்தில் மட்டும் ஒரு பழைய கதை உண்டு. 1980-களில் அமெரிக்காவில் கார்ப்பெட் கழுவும் ஷாம்பூ மேல் சந்தேகம் விழுந்தது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை.

டோக்கியோவில் டாக்டர் டொமிசாகு கவாசாகி இந்த நோயை முதலில் பார்த்தது 1961-ல், நாலு வயதுப் பையன் ஒருவனிடம். 1967-ல் 50 குழந்தைகளின் விவரங்களை அவர் வெளியிட்டார். அன்றிலிருந்து கிருமியைத் தேடுகிறார்கள். ஒரு கிருமியும் கையும் களவுமாகச் சிக்கவில்லை. ஆனாலும் தொற்றுதான் தூண்டுகிறது என்று நம்ப வலுவான தடயங்கள் இருக்கின்றன. பாதிக்கப்படுவோரில் ஐந்தில் நாலு பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பிறந்த சில மாதங்களுக்கு அரிது, அப்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி காக்கிறது. பெரியவர்களுக்கும் அரிது. அப்படியென்றால் எல்லோரும் சின்ன வயதிலேயே சந்தித்துவிடுகிற, பெரும்பாலோருக்கு வெறும் சளியாகப் போய்விடுகிற ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் 1979, 1982, 1986-ல் இது அலை அலையாக வந்தது. 2020-ல் முகக்கவசமும் ஊரடங்கும் வந்தபோது அங்கே எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. ஒரே கிருமிதானா, பல கிருமிகளா என்பதில்தான் சண்டை. எங்களுக்குப் பலவாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

அதே சளி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வந்திருக்கும், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வித்தியாசம் பிறவி வாகில் இருக்கிறது. ஹவாயில் பிறந்து வளர்ந்தாலும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது. ஐடிபிகேசி என்ற மரபணு, நோய் எதிர்ப்புச் செல்களுக்கு பிரேக் மாதிரி. அந்த பிரேக் தளர்ந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். கிருமியை விரட்டப் புறப்பட்ட வெள்ளணுக்கள் நிற்காமல் நடுத்தர அளவுத் தமனிகளின் சுவருக்குள் நுழைகின்றன; சுவரில் இருக்கும் மீள்தன்மையுள்ள படலம் அரிக்கப்பட்டு, குழாய் பலூன்போல் புடைக்கிறது. இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள்தான் அதிகம் அடிபடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை எகிறும். புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கி உறைய அது போதும்.

சிகிச்சை தராவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குப் புடைப்பு வரும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இருபதில் ஒன்றாகக் குறையும். அளவு கிலோவுக்கு 2 கிராம். 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம், 5 சதவீதக் கரைசலில் 480 மில்லி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. ஏற்றி முடித்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி ஏற்றுவார்கள், அல்லது ஸ்டீராய்டு சேர்ப்பார்கள்.

வேப்பிலையில் போன மூன்று நாளை நினைத்து வருந்தாதீர்கள், ஆனால் மற்ற பெற்றோர் தெரிந்துகொள்ளட்டும்: காய்ச்சல் ஐந்து நாளைத் தொட்டதும், பீளை தள்ளாத கண்சிவப்பு, வெடித்த உதடு அல்லது ஸ்ட்ராபெர்ரி போன்ற நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிச் சிவந்த உள்ளங்கை உள்ளங்கால், கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத நெறி ஆகிய ஐந்தில் எத்தனை என்று எண்ணுங்கள். நாலு இருந்தால் உறுதி. இரண்டு மூன்று இருந்தாலும் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பாருங்கள். பலரும் கவனிக்காத, ஆனால் கவாசாகியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. நகத்தை ஒட்டித் தோல் உரிவது இரண்டு வாரம் கழித்துத்தான். அதற்காகக் காத்திருந்தால் மருந்து தரும் நேரம் போய்விடும்.

கேள்வி: கவாசாகி வந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா? தம்பிக்கு ஒட்டிக்கொள்ளுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஒட்டாது, தனியாக வைக்க வேண்டாம். உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்றாலும் மொத்தத்தில் குறைவுதான். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் என்று எண்ணுங்கள், போதும். இம்யூனோகுளோபுலின் ஏற்றியதிலிருந்து 11 மாதத்துக்குத் தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகள் வேண்டாம். ஏற்றிய ஆன்டிபாடிகள் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். போலியோ சொட்டு மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு வாரம் தரும் சின்ன அளவு ஆஸ்பிரினை (கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம்) நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கூடாது, ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், பாராசிட்டமால் தரலாம். வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு அந்த வைரஸ்கள் தொற்றினால், அரிதாக, ஈரலும் மூளையும் பாதிக்கப்படும்.

கேள்வி: ஆறு வயது மகளுக்குச் சளி பிடித்துப் பத்து நாள் கழித்துத் தொடையிலும் புட்டத்திலும் சிவப்புப் புள்ளிகள், கணுக்கால் வீக்கம், வயிற்று வலி. இதுவும் கவாசாகியா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் என்றால், பெரும்பாலும் ஐ.ஜி.ஏ. ரத்தக்குழாய் அழற்சி. தொண்டைத் தொற்றுக்குப் பின் ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடி புரதம் மிகச் சிறிய குழாய்களில் படிவதால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும். ஆனால் பிளேட்லெட் குறைவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். புள்ளிகளோடு கடும் காய்ச்சலும் சோர்வும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்று வலி விட்டுவிட்டு முறுக்கினாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். புள்ளிகள் போன பிறகும் ஆறு மாதம் சிறுநீரில் ரத்தம், புரதம் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு வலியே இல்லாமல் பின்னால் வரும்.