எட்டு வாங்கிய காதும் ஆறு வாங்கிய கையும்: ஆங்கிலத் தேர்வு கேள்வி பதில்

கேள்வி: ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல் 8, வாசிப்பு 7.5, பேச்சு 6.5, எழுத்து 6. நாலும் ஒரே ஆங்கிலம்தானே, ஏன் இப்படி?

பதில்: பார்த்ததும் ஒரு சொல் அடையாளம் தெரிந்தால் வாசிக்க அது போதும். எழுதும்போதோ அது தானாக நினைவுக்கு வரவேண்டும், எந்தச் சொல்லோடு சேரும் என்றும் தெரியவேண்டும். அதனால் எல்லோருக்கும் புரிகிற சொற்கள் அதிகம், கைக்கு வருகிற சொற்கள் குறைவு. இன்னொன்று: கேட்டலிலும் வாசிப்பிலும் தலா 40 கேள்விகள், சரியா தவறா என்று முடிந்துவிடும். எழுத்தை ஒருவர் படித்து, கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்துகளின் கோர்வை, சொல்வளம், இலக்கணம் என நான்கு கோணத்தில் மதிப்பிடுகிறார். உங்கள் சராசரி 7தான். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் ஒவ்வொரு திறனிலும் குறைந்தபட்சம் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மனப்பாடக் கட்டுரை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நிறைய வாசித்தால் எழுத்தும் ஏறுமா?

பதில்: கொஞ்சம். எழுதினால் இன்னும் ஏறும்.

கேள்வி: ஒலிப்பதிவு முழுதும் புரிகிறது, மதிப்பெண் மட்டும் போகிறது.

பதில்: எழுத்துப்பிழையைப் பாருங்கள். விடை சரியாக இருந்தும் எழுத்து பிசகினால் ஐஇஎல்டிஎஸ் கேட்டலில் அது தவறுதான். பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு இதை வெளிப்படையாகவே செய்கிறது: கேட்ட வாக்கியத்தை எழுதும் பகுதியின் மதிப்பெண் கேட்டலுக்கும் போகும், எழுத்துக்கும் போகும்.

கேள்வி: அப்போது எல்லாம் ஒன்றுதான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஒரே தேர்வு போதாதா?

பதில்: வாங்க! 1970களில் மொழித்தேர்வு ஆய்வாளர் ஜான் ஓலரும் இதைத்தான் சொன்னார். திறன்களின் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்கியதால், அடியில் இருப்பது ஒரே பொதுத்திறன் என்றார். பிற்பாடு அவரே பின்வாங்கினார். பொதுத்திறன் ஒன்று உண்டு, அதன் கீழ் தனித்திறன்களும் உண்டு என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. உயரமும் எடையும்கூடச் சேர்ந்துதான் ஏறுகின்றன. தராசில் நின்று உயரம் பார்ப்பீர்களா?

கேள்வி (அதே நபர்): மொழி உடம்பல்ல. உதாரணம் பொருந்தவில்லை.

பதில்: சரி, தராசை விடுவோம். வாசிப்பு ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரியும் திறன். இரண்டாவது, கேட்டலுக்கும் பொது. முதலாவது, வாசிப்புக்கு மட்டும். அது சுழியமானால் மொழி எவ்வளவு புரிந்தாலும் வாசிப்பு சுழியம். கூட்டலாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் சாய்ந்திருப்பேன்.

கேள்வி: எழுத்து 6. ஏழாக்குவது எப்படி?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எழுத்து 6.5. நல்ல டெம்ப்ளேட் இருந்தால் தரவும்.

பதில்: முதல் பதில், கடைசி வரி. இரண்டு முறை படிக்கவும்.

கேள்வி: பேச்சுத் தேர்வில் கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. புரியாத கேள்விக்குப் பதிலை நீட்டுவதுதான் ஆபத்து.

கேள்வி (மீண்டும் அதே நபர்): அப்படியானால் அது கேட்டல் தேர்வும்தானே?

பதில்: ஆமாம், கொஞ்சம். உங்களுக்கு அரை மதிப்பெண்.