அடுப்படிக் கேள்வி பதில்: ரொட்டியும் நொன்ஸ்டிக் கல்லும்

கேள்வி: நொன்ஸ்டிக் தோசைக்கல் வாங்கி 8 மாதம்தான் ஆகிறது. தினமும் காலையில் அதில்தான் தேங்காய் ரொட்டி. மரக்கரண்டி தவிர வேறெதுவும் பட்டதில்லை. ஆனாலும் நடுவில் வட்டமாக வெளிறி, அந்த இடத்தில் மா ஒட்டுகிறது. ஏன்?
- வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் கல் தேய்ந்து கெடவில்லை, காய்ந்து கெட்டிருக்கிறது. அதன் மேலுள்ள ஒட்டாத பூச்சு ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். தோசை மாவில் தண்ணீர் நிறைய. அது ஆவியாகும் வரை கல்லின் சூடு அடங்கியே இருக்கும். ரொட்டி மாவில் ஈரம் குறைவு. அதோடு ஒரு ரொட்டியை எடுத்துவிட்டு அடுத்ததைத் தட்டி முடிக்கும்வரை கல் வெறுமனே காய்கிறது. மெல்லிய அலுமினியக் கல் முழு நெருப்பில் சில நிமிடங்களிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். நெருப்பு நேராகப் படும் நடுப்பகுதிதான் முதலில் வெளிறும்.

நம் மலைநாட்டுக் குளிரும் ஒரு காரணம். 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். போத்தலிலிருந்து கிளறி எடுத்த கட்டியைக் கல்லில் போட்டு, உருகட்டும் என்று நெருப்பைக் கூட்டுகிறோம். தேவையே இல்லை, இளஞ்சூட்டிலேயே உருகிவிடும். எண்ணெய் புகைந்தால் உடனே நெருப்பைக் குறையுங்கள். சுட்டு முடித்த கையோடு கல்லைப் பைப் தண்ணீரில் பிடிக்கவும் கூடாது. சூட்டில் ஐஸ் போன்ற தண்ணீர் பட்டால் கல் வளையும். சமமான மேசையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைந்துவிட்டது, இனி எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும், சூடும் சீராகப் பரவாது.

ரொட்டிக்கு இரும்புக்கல்தான் சரி. பழகிய இரும்பில் ரொட்டி ஒட்டாது, ரொட்டி சுடும் சூட்டில் காய்ந்தாலும் அதற்குக் கேடில்லை. நொன்ஸ்டிக்கை முட்டைக்கும் தோசைக்கும் ஒதுக்கி, மிதமான நெருப்பில் வைத்துப் புழங்கினால் 2, 3 வருடம் நிற்கும். அடுத்து வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்து, அடி கனமானதாக எடுங்கள்.

கேள்வி: கீறல் எதுவும் இல்லை. ஆனால் நொன்ஸ்டிக் தாச்சியில் கபில நிறப் படலம் படிந்து முட்டை ஒட்டுகிறது. தூக்கிப் போடவா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: பொறுங்கள். அது பெரும்பாலும் கருகிப் படிந்த எண்ணெய். 1 கோப்பை தண்ணீரில் 2 மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து, தாச்சியிலேயே சிறு நெருப்பில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியால் துடையுங்கள். பழைய படலமானால் இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டிவரும். துடைத்த இடத்தில் வெள்ளி நிற உலோகம் தெரிந்தால் பூச்சே போய்விட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

கேள்வி: நொன்ஸ்டிக் பூச்சிலிருந்து உரிந்த துகள் வயிற்றுக்குள் போனால் ஆபத்தா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: துகள் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பயப்பட வேண்டியது புகைக்குத்தான். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் பூச்சு சிதைந்து வரும் புகை மனிதருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். கூண்டுக்கிளியைக் கொன்றே விடும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திச் சமைக்கும் வீடுகளில் கிளிக்கூண்டை அடுப்படியில் வைக்கவே வேண்டாம்.