டெல்லியில் ஒரு குஜ்ராவாலா எப்படி வந்தது?

வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் சொந்த ஊர்ப் பெயர், நகரத்தில் ஒரு பகுதிக்கே பெயராக எப்படி நிலைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பழக்கமான டெல்லியை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே வேலை பார்த்தபோது நான் வாடகைக்கு இருந்தது மாடல் டவுனில். பக்கத்திலேயே குஜ்ராவாலா டவுன், டேராவால் நகர். மேற்கே பஸ்சிம் விஹார் பக்கம் போனால் மியான்வாலி நகர், பேரா என்க்ளேவ். குஜ்ராவாலா, டேரா இஸ்மாயில் கான், மியான்வாலி, பேரா எல்லாமே இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஊர்கள்.

1947 பிரிவினையில் ஏறக்குறைய 5 லட்சம் அகதிகள் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். 1941இல் 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரசு அமைத்துக் கொடுத்த குடியிருப்புகளுக்குப் பெரும்பாலும் தலைவர்கள் பெயர்தான்: லஜ்பத் நகர், பட்டேல் நகர், ராஜேந்திர நகர். ஊர்ப் பெயர் வந்த வழி வேறு. ஒரே ஊர்க்காரர்கள் கூடி, கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் ஒன்றைத் தங்கள் ஊர்ப் பெயரில் பதிவு செய்தார்கள். சங்கத்துக்கு நிலம் கிடைத்து மனை பிரித்ததும், அதே பெயர் வரைபடத்தில் ஏறியது, பத்திரத்தில் ஏறியது, பிறகு பஸ் போர்டிலும் ஏறியது.

எங்கள் ஹவுஸ் ஓனரின் அம்மா டேரா இஸ்மாயில் கானில் பிறந்தவர். சாயங்காலம் பார்க்கில் சேக்காளிகளோடு உட்கார்ந்தால் பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சுமொழியான டேராவாலிதான். கூட வரும் பேரன்களுக்கு அதில் பாதி புரியாது. பேத்திக்கு வரன் பார்த்தபோதும் அந்த அம்மா முதலில் விசாரித்தது, மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காலத்தில் எந்த ஊர் என்பதைத்தான்.

அந்தப் பக்கம் கராச்சியிலும் இதே கதை. இங்கிருந்து போனவர்களால் டெல்லி காலனியும் ஹைதராபாத் காலனியும் உண்டாயின. நம் ஆட்கள் வாழும் இடத்துக்கு மட்டும் மதராஸி பாரா என்று பெயர்.

டெல்லியிலும் அப்படித்தான். ஜங்க்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் தமிழர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம் மதராஸி கேம்ப். எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் மதராஸிதான். நிலம் கையில் இருந்தவர்கள் தங்கள் ஊரை எழுதி வைத்தார்கள். கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர்களுக்கு மற்றவர்கள் கூப்பிட்டதே பெயராகிவிட்டது. நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று அந்தக் கேம்பை இடித்தார்கள். சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில், மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். மற்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.