"ருசியே இல்லை" என்கிற பெரியவர்களுக்கு: உணவியல் கேள்வி பதில்

கேள்வி: மாமியாருக்கு 78 வயது. இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, எதிலும் ருசியே இல்லை என்கிறார். வயசானால் அப்படித்தானே மேடம்?

வயசின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். முதலில் வாயைப் பாருங்கள். பல்செட் தளர்ந்து ஈறில் உரசுகிறதா, நாக்கு வறண்டு கிடக்கிறதா, வெள்ளை படிந்திருக்கிறதா? அடுத்து மாத்திரைகள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகம் போன்ற ருசியைத் தரும், பசியையும் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கைவிட மூக்குதான் வயதில் அதிகம் மங்குகிறது. அதனால் ரசத்தை அவர் உட்கார்ந்த பிறகு தாளித்து, சூட்டோடு ஊற்றுங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 3 கிலோ இறங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: தாத்தா மூன்று வேளையும் அரிசிக் கஞ்சிதான் கேட்கிறார். போதுமா?

போதாது. வயிறு நிரம்பும், தசை கரையும். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். கஞ்சியை நிறுத்த வேண்டாம். பாசிப்பருப்பை அதிலேயே குழைய விடுங்கள், பால் சேருங்கள், முள் எடுத்த மீனை உதிர்த்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு பிபி. சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்து, எலுமிச்சையும் மிளகும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பெரியப்பாவுக்குச் சோறு இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. ஏன்?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்தால், வேகமாக ஓடும் தண்ணீர்தான் முதலில் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். அதனால் நிமோனியாகூட வரலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கப் பயிற்சி தருபவர்களும் இருக்கிறார்கள். அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள். வாயில் உணவு இருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது.

கேள்வி: அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். கேரியரில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடு சாயங்காலம் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது அக்கா?

இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியவர் இல்லாமல் அவருக்கு எப்படிச் சோறு இறங்கும்? ஒரு வேளையாவது யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். என்ன சமைக்கட்டும் என்று அவரிடம் கேளுங்கள், கீரை ஆயச் சொல்லுங்கள். பேப்பர், டீக்கடை, பேரப்பிள்ளை என்று எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையில் சரியாகும், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, அந்தக் கேரியரை அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மூட்டுவலிக் கைக்கு அந்தக் கொக்கியும் இறுகிய மூடியும் வருவதில்லை, கேட்டால் "பசிக்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அப்படியென்றால் நாளையிலிருந்து தட்டில் போட்டு, லேசான தட்டால் மூடி வைத்துவிட்டுப் போங்கள்.