மகளின் அலமாரியில் இருந்த சீட்டுக்கட்டு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர் நாங்கள். கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். மகளுக்கு வயது 16, பதினொன்றாம் வகுப்பு.

போன மாதம் அவள் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது துணிகளுக்கு அடியில் குறி பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டு ஒன்றும் மெழுகுவர்த்திகளும் காய்ந்த இலைகளும் ஒரு நோட்டும் இருந்தன. நோட்டில் பௌர்ணமி, அமாவாசைத் தேதிகள், வட்டங்கள், ஆங்கிலத்தில் மந்திரம் போன்ற வரிகள். ஒரு பக்கத்தில் அவளுடைய பாட்டியின் பெயரும் இறந்த தேதியும் எழுதி, அதன்மேல் மெழுகு சொட்டியிருந்தது. கேட்டேன், மறைக்கவில்லை. "நான் விக்கா என்ற மந்திர வழிபாட்டு வழியில் இருக்கிறேன். கிறிஸ்தவத்துக்கு முந்திய மதம் அது. 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்துச் சபை அதை அழித்தது" என்றாள்.

அவளை வளர்த்தவர் என் மாமியார். போன ஆண்டு புற்றுநோயில் இறந்துபோனார். நாங்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம். "ஏன் கேட்கப்படவில்லை?" என்று அவள் ஒரு ஜெபக்கூட்டத்தில் கேட்டபோது, "வீட்டில் விசுவாசக் குறைவு இருந்திருக்கும்" என்று அங்கிருந்த ஊழியர் சொல்லிவிட்டார்.

சீட்டுகளைக் கணவர் தோட்டத்தில் போட்டு எரித்துவிட்டார். அடுத்த வாரமே மகன் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். "இவள்தான் ஏதோ செய்திருக்கிறாள்" என்கிறார் அவர். ஆற்காடு பக்கம் ஒரு ஜெப வீட்டில் மூன்று நாள் உபவாசத்தோடு பேய் விரட்டும் விடுதலை ஜெபம் செய்வார்களாம், அழைத்துப்போக நாளும் பார்த்துவிட்டார். மகள் எங்களோடு பேசுவதில்லை.

நான் வேதத்தை நம்புகிறவள். இதை விளையாட்டு என்று விட்டுவிட முடியவில்லை. அங்கே கூட்டிப்போகவும் பயமாக இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்தில் ஜெப விண்ணப்பமாக வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜெப வீட்டுக்கு அவளை அனுப்பாதீர்கள். நீங்கள் கூடப் போனாலும் வேண்டாம்.

ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலருகே, எத்தனை நாள் வேண்டுமானாலும் அவளுக்காக ஜெபியுங்கள். ஆனால் வர விரும்பாத ஒரு பெண்ணைச் சோறில்லாமல் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார வைத்து, "உனக்குள் இருப்பவன் பெயரைச் சொல்" என்று அதட்டினால் என்ன நடக்கும்? தப்பித்தால் போதும் என்று ஏதோ ஒரு பெயரைக் கத்துவாள். அல்லது தனக்குள் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிடுவாள். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஜெர்மனியில் அன்னலீஸ் மிக்கேல் என்ற கல்லூரி மாணவி 1976இல் இறந்தாள், வயது 23. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவள். பேய் பிடித்திருக்கிறது என்று பத்து மாதங்களில் 67 முறை அவளுக்குப் பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். கடைசியில் உணவின்றி உடல் வற்றிப்போய் இறந்தாள். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரண்டு குருமார்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் மகளை வெறுத்தவர்கள் இல்லை. உங்களைப் போலவே அவள் ஆத்துமாவை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை பேயோட்டுவதற்கு பிஷப்பின் தனி அனுமதி வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது, முதலில் மருத்துவரைக் கேள் என்கிறது. இந்த ஜெப வீட்டில் யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்?

என் தாத்தா ஆற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். பேய் பிடித்திருக்கிறது, வந்து ஜெபியுங்கள் என்று இரவில் வந்து கூப்பிடுவார்கள். போவார், ஜெபிப்பார். அதற்கு முன் அந்தப் பெண் கடைசியாக எப்போது சாப்பிட்டாள், வீட்டில் என்ன சண்டை என்று விசாரிப்பார். பாதிப் பேய் அந்த விசாரணையிலேயே இறங்கிவிடும் என்பார். பிசாசை நம்பாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்து, மகனின் கை. "இவள்தான் செய்திருக்கிறாள்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் இன்றோடு நிற்க வேண்டும். சீட்டுக்கட்டைவிட ஆபத்தானது அந்த ஒரு வாக்கியம். அமெரிக்காவின் சேலம் கிராமத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகள் ஒரு போதகரின் வீட்டில்தான் தொடங்கின. அவருடைய 9 வயது மகளுக்கும், அதே வீட்டில் வளர்ந்த 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வந்த வலிப்புகளுக்குக் காரணம் தேடிப் புறப்பட்டார்கள். முடிவில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கினார்கள். சாட்சியங்களில் பெரும்பகுதி உங்கள் கணவர் சொல்லும் வகைதான்: அவள் கோபித்துக்கொண்டு போனாள், மறுவாரம் மாடு செத்தது. நம் நாட்டிலும் இந்தப் பேச்சு பெண்களைக் கொல்கிறது என்பதால்தான் பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

விக்கா வழியினர் பெரிதும் சொல்கிற விதி, யாருக்கும் தீங்கு நேராதவரை விரும்பியதைச் செய் என்பது. செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் அவர்களில் பலர் நம்புகிறார்கள். அப்படிப்பட்டவள் தம்பிக்கோ அண்ணனுக்கோ செய்வினை வைப்பாளா? கொஞ்சம் கடுமையாகச் சொல்வதானால், பில்லி சூனியத்தில் உங்கள் மகளைவிட உங்கள் கணவருக்குத்தான் விசுவாசம் அதிகம்.

மகள் சொன்ன சரித்திரத்துக்கு வருகிறேன். அதில் நிறையப் பிழை. ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணக்கு. கொடுமைதான். ஆனால் 90 லட்சம் இல்லை, எல்லோரும் பெண்களும் இல்லை. அவர்கள் ஒரு பழைய மதத்தைக் கட்டிக்காத்தவர்கள் என்ற கருத்தை 1921இல் பரப்பியவர் மார்கரெட் மர்ரே, கல்கத்தாவில் பிறந்த எகிப்தியல் அறிஞர். அதை இன்று வரலாற்றுத் துறையில் யாரும் ஏற்பதில்லை. விக்காவுக்கு இன்றைய உருவம் கொடுத்து வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பிறகு மலாயாவில் சுங்கத் துறையிலும் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஆங்கிலேயர். இங்கிலாந்தின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது, 1954இல் அவர் தன் வழியைப் பற்றிப் புத்தகம் போட்டார். டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டம். அதில் குறி பார்ப்பது 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இன்று உலகம் முழுக்க விற்கிற கட்டின் படங்கள் 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தவை. உங்கள் தோட்டத்தில் எரிந்ததும் பெரும்பாலும் அதன் நகலாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லலாம், ஆர்வத்தோடு கேட்கவும் செய்வாள். மடக்குவதற்காகச் சொல்லாதீர்கள். புதியது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. நம் சி.எஸ்.ஐ. கூட 1947 செப்டம்பர் 27 அன்று உருவானதுதான் என்று அவள் திருப்பிக் கேட்டால் நீங்கள்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

வேதத்தை நம்புகிறவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே பேசுகிறேன். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவர்களின் வரிசையில் குறிசொல்லுகிறவனும் அஞ்சனம் பார்க்கிறவனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் நாள்பார்க்கிறவனும் நிற்கிறான். நம் சபைகளில் திருமண நிச்சயத்துக்கு ராகுகாலத்தை ஓசைப்படாமல் தவிர்க்கிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, "ஹேப்பி நியூ இயர்" சொல்லி முடித்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளாளுக்குக் கண்ணை மூடி, உதடு அசைய ஜெபித்து, அடியிலிருந்து ஒன்றை உருவுவோம். டியூப் லைட்டுக்குக் கீழே போய்த் திருப்பிப் பார்ப்போம். "உனக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தில் எட்டிப் பார்ப்போம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்களுக்கு வீடு கட்டுவதைப் பற்றிய வசனம் வந்தால் முகம் கொஞ்சம் விழுந்துபோகும். பிறகு அது வருடம் முழுக்க பீரோ கதவில் ஒட்டியிருக்கும். இதுவும் டாரட்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அட்டையில் இருப்பது தேவ வசனம், அதைக் கொடுப்பவர் யார் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. இறையியல் வேறுதான். ஆனால் உருவுகிற கையின் நடுக்கம் ஒன்றுதானே? 16 வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பாளா?

கணவர் சீட்டுகளை எரித்ததற்கு அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டியிருப்பார். எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்கள், மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். மாயவித்தைக்காரராயிருந்தவர்களே தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். பவுல் யார் வீட்டு அலமாரியையும் துழாவவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் தினமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கி எரிப்பது மனந்திரும்புதலில் சேராது. உங்கள் மகள் இனி ஒருநாள் இந்த வழியை விட்டாலும் அதை அவள்தான் விட வேண்டும், அவளுக்காக நீங்கள் விட முடியாது. புதுக்கட்டு வாங்கித் தரச் சொல்லவில்லை. "உன்னைக் கேட்காமல் எரித்தது தவறு" என்று அவள் அப்பா வாய்விட்டுச் சொன்னால் போதும்.

இனி அந்த நோட்டு. நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட பக்கத்தில்தான் என் கண் நின்றது. பாட்டியின் பெயர், தேதி, மெழுகு. வேதத்தில் சவுல் ராஜா எந்தோர் என்ற ஊருக்குப் போன கதை உங்களுக்கு ஞாயிறு பள்ளிப் பாடம். அஞ்சனம் பார்க்கிறவர்களை, அதாவது இறந்தவர்களை அழைத்துக் குறி சொல்கிறவர்களை, நாட்டைவிட்டுத் துரத்தியவரே அவர்தான். அவரே வேடம் மாறி இரவில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தேடிப் போனார். ஏன் போனார் என்பதை முந்தைய வசனம் சொல்லிவிடுகிறது: கர்த்தரிடம் கேட்டார், சொப்பனத்தாலும் பதில் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் பதில் இல்லை. உங்கள் மகளும் முதலில் சபையில்தான் கேட்டாள். கிடைத்த பதிலோ பதில் இல்லாமல் இருப்பதைவிட மோசமானது. பாட்டி செத்ததற்கு நீங்களெல்லாம் காரணம் என்று அதற்குப் பொருள். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று கேட்ட சீஷர்களுக்கு, இரண்டும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்ட பிறகு, அந்த ஊழியருக்கு இதைச் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவர் சொன்னது தவறு என்று நீங்கள் அவளிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாவிட்டால் இன்று இரவே சொல்லுங்கள்.

விக்காவின் எட்டுத் திருநாள்களில் ஒன்று அக்டோபர் 31இல் வருகிறது, இறந்தவர்களை நினைக்கும் நாள். அதற்கு இரண்டு நாள் கழித்து நம் கல்லறைத் திருநாள். வேலூர்க் கல்லறைத் தோட்டங்களில் அன்று சாயங்காலம் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மேல் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியுமாக இருக்கும், அதை யாரும் சூனியம் என்று சொல்வதில்லை. இந்த வருடம் அவளைக் கூட்டிப்போங்கள். மெழுகுவர்த்தியை அவளையே வாங்கச் சொல்லுங்கள். எதையும் பேசவைக்க முயலாதீர்கள்.

அவள் செய்வதையெல்லாம் அப்படியே விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெற்றவர்களாக நீங்கள் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டிய இடங்கள் உண்டு. திரைச்சீலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது, கதவைத் தாழிட்டுக்கொண்டு எதையும் கொளுத்தக் கூடாது. மூலிகை என்று எதையும் குடிக்கவோ தின்னவோ கூடாது. வெளிநாட்டுக் குறிப்பில் சொன்ன செடி கிடைக்கவில்லை என்று நம் சாலையோரத்து ஊமத்தையையோ அரளியையோ கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. செல்போனில் பரிகாரம் செய்து தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்கள், தனியாகப் பேசலாம் வா என்று அழைக்கிற பெரியவர்கள், இவர்களைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். மந்திரத்தைப் பற்றித் திட்டாத அம்மாவிடம்தான் பிள்ளை இதற்கு உண்மையான பதில் சொல்லும்.

சாப்பாடு குறைந்தால், தூக்கம் போனால், காதில் குரல் கேட்கிறது என்றாலோ செத்துப்போகலாம் என்கிற மாதிரிப் பேசினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, அப்போது தயங்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, 14416 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்தில் நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்குகிற ஊர் நம்முடையது. அங்கே போவதை உங்கள் கணவரால் அவிசுவாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் "சீட்டைத் தொட்டால் பாகாயம்" என்று அதை ஒரு மிரட்டலாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, பெண்கள் ஐக்கியம். வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், உண்மையாகவே கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். ஜெபம் முடிந்து காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயம் ராணிப்பேட்டை வரை போய்விடும். பிறகு அவள் ஆராதனைக்கு வரும்போது பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருக்கும். சபையில் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் போதகரின் மனைவியிடம் மட்டும் சொல்லுங்கள், அதுவும் சொல்லட்டுமா என்று மகளிடம் கேட்ட பிறகு. அவள் கூடாது என்றால், கூடாதுதான்.