விடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டுதானா?

கேள்வி: என் 9 வயது மகளுக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை டைபாய்டு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் ஊசி போட்டோம். மறுபடி வராமல் தடுக்க என்ன செய்வது? ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை இணைத்துள்ளேன்.

பதில்: மூன்று அறிக்கைகளையும் பார்த்தேன். மூன்றுமே விடால் பரிசோதனை. மூன்றுமே காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளில் எடுத்தவை. மூன்றிலும் ‘ஓ’ அளவு, அதாவது கிருமிக்கு எதிரான ஒருவகை எதிர்ப்புப் பொருளின் அளவு, 1:80. இதை வைத்து உங்கள் மகளுக்கு ஒருமுறைகூட டைபாய்டு வந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

டைபாய்டுக்குக் காரணம் சால்மோனெல்லா டைபி என்ற பாக்டீரியா. மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக அது குடலுக்குள் போகிறது. விடால் பரிசோதனை அந்தக் கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை மட்டுமே அளக்கிறது. எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சம்கூட மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். நம் ஊரில் நன்றாக நடமாடுகிறவர்களிடமும் 1:80 தென்படும். உண்மையான டைபாய்டில் முதல் சில நாட்களில் அந்த அளவு ஏறவே ஏறாமலும் இருக்கலாம். 1896இல் வந்த இந்தச் சோதனையை இன்னும் விட மனமில்லை நமக்கு!

காரணம், அது மலிவு. அன்று மாலையே முடிவு கையில். ‘காய்ச்சல் பேக்கேஜ்’ என்று விடாலைச் சேர்த்து விற்கும் லேப்களிடமும், கமிஷனுக்காக அங்கே அனுப்பிவைப்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். மருந்துக் கடைக்காரர் சொல்லி ரத்தம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேவைப்படுவது ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியையே வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். முடிவுக்குச் சில நாட்கள் ஆகும். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் அது சொல்லிவிடும். இந்த வசதியை எல்லா ஊருக்கும் கொண்டுபோகாமல், ஊசிக்கு மட்டும் குறைவில்லாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கல்ச்சரிலேயே டைபாய்டு உறுதியாகி, அது திரும்பத் திரும்ப வந்தால், வீட்டில் சமைப்பவரைக் கவனியுங்கள். டைபாய்டு வந்து தேறிய சிலரின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பித்தப்பைக் கல் உள்ளவர்களிடம் இது அதிகம். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. மலத்தில் மட்டும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஒருமுறை மலப் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. கிருமி விட்டுவிட்டு வருவதால் பலமுறை பார்க்க வேண்டும்.

மகளுக்கு டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி போடவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், அல்லது அதற்கு முன்பே குழந்தை துவண்டாலோ வயிறு வலித்தாலோ காத்திருக்க வேண்டாம். அப்போது அந்தப் பழைய அறிக்கைகளைக் காட்டி, ‘இவளுக்கு அடிக்கடி டைபாய்டு வரும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.