பதினொரு பிளவுஸ்

அன்புள்ள ஐயா,

6 வருடமாக என் அம்மாவின் மறதி நோயைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். 800 பேர் படிக்கிறார்கள், ஒருவர்கூடப் பதில் போடுவதில்லை. மாதச் சந்தா கேட்கலாமா என்று யோசிக்கிறேன், வாய் வரவில்லை. “அம்மா நோயை விக்கப் போறியா?” என்கிறார் கணவர். எவ்வளவு வைக்கலாம்? எதை இலவசமாக விடலாம்? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நான்கு ‘மன்னிக்கவும்’ இருந்தது. எதற்கம்மா?

என் அம்மா வீட்டில் பிளவுஸ் தைத்தாள். தெருக்காரர்களிடம் கூலியைக் கறாராக வாங்குவாள், சொந்தக்காரர்களிடம் மட்டும் வாய் வராது. பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் பதினொரு பிளவுஸ். ராத்திரி இரண்டு மணிவரை மெஷின் சத்தம், கொக்கி வைத்தது நானும் தங்கையும். பெரியம்மா வந்து எவ்வளவு என்று கேட்டபோது, அம்மா துணியை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் “இருக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை. வந்தது ஒரே ஒரு பிளவுஸ், அக்குளில் பிடிக்கிறதாம். அம்மா பிரித்துத் தைத்துக் கொடுத்தாள், பிறகு அந்த வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். கேட்டால் உறவு போய்விடும் என்று பயந்தவள், கேட்காமலே தொலைத்தாள்.

அந்தக் கோபம் உங்களுக்கும் வந்துவிட்டது. “ஒருவர்கூடப் பதில் போடுவதில்லை” என்கிறீர்களே, அது என் அம்மாவின் குரல்தான்.

நோயை விற்கிறீர்களாம்! நோயை யார் வாங்குவார்? நீங்கள் அனுப்பிய கட்டுரையில் அம்மா உங்களிடமே “எம்மக பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?” என்று கேட்கிறார், நீங்கள் “வந்துட்டாம்மா, கைகால் கழுவுறா” என்கிறீர்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், மேலே ஒரு வரி அழவில்லை. அதற்கு எத்தனை தடவை அடித்து எழுதினீர்கள் என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா? கூலி அதற்குத்தான்.

சொந்தக் கதைக்குக் காசா என்று நம் ஆட்கள் புதிதாக அதிர்ச்சி காட்டுவதுதான் எனக்கு எரிச்சல். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற பிரதி வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஆட்களிடம் கையொப்பம் சேர்த்தார். சரி, அது காப்பியம். அவருடைய சொந்த வாழ்க்கை, வீட்டு வறுமையும் ஊர் ஊராக அலைந்ததும், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததே, அந்த இதழைச் சும்மாவா கொடுத்தார்கள்? பாரதி 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களிடம் கடன் கேட்டு அறிக்கை அனுப்பினார். 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் விட வேகமாக விற்றுப்போகும் என்று கணக்கு வேறு! நினைத்தபடி நடக்கவில்லை, மறுவருடம் ஆளே போய்விட்டார். ஆனால் கூச்சப்படாமல் கேட்டார்.

எதை இலவசமாக விடுவது, ஜிபேயா கார்டா என்பதெல்லாம் ஒரு சாயங்கால வேலை, காலேஜ் போகிற பிள்ளை யாராவது செய்துகொடுக்கும். கையில் காசில்லை என்று எழுதிக் கேட்பவருக்குச் சும்மா அனுப்புங்கள். அவர் கேட்பதற்கு முன்னால் அனுப்பாதீர்கள்.

எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். உங்கள் தெருவில் ஒரு பிளவுஸுக்கு என்ன கூலி வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதையே மாதச் சந்தாவாக வையுங்கள். லைனிங் வைத்த பிளவுஸுக்கு.